நாய்க்கு இடம் கொடுக்கும் அரண்மனை

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே ஒரு நாய். மூன்று நாள் லீவு. கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வேண்டும் என்பது மூத்த பையனின் ஆசை. நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பது சின்னப் பெண்ணின் பிடிவாதம். அப்பா வழியிலேயே லாட்ஜ் லாட்ஜாகப் போன் போட்டுக் கேட்கிறார். பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

"நாயா? அதெல்லாம் ஆகாதுங்க சார்."

கடைசியில் என்ன நடக்கும்? காலையில் வந்து, கோயிலைச் சுற்றிப் பார்த்து, மரத்தடியில் காரை நிறுத்தி ஒருவர் நாயோடு காவல் இருக்க மற்றவர்கள் உள்ளே போய் வந்து, சாயங்காலமே வீடு திரும்புவார்கள். நாய் இல்லாத குடும்பமாக இருந்தால் மட்டும் பெரிய வித்தியாசமா? அதுவும் இல்லை. அவர்கள் ராத்திரி தங்கக் கும்பகோணமோ தஞ்சாவூரோ போய்விடுவார்கள். ஆக, அரியலூர் மாவட்டத்தில் உலகப் பாரம்பரியச் சின்னம் இருக்கிறது (2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது). அதைப் பார்க்க வருகிறவர் செலவழிக்கும் காசில் பெரும்பகுதி மட்டும் பக்கத்து மாவட்டத்துக்குப் போகிறது.

அதே நேரத்தில், கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, ஆள் இல்லாமல் பழைய அரண்மனைச் சுவர்கள் இடிந்துகொண்டிருக்கின்றன. தங்க இடம் தேடும் நாய் ஒரு பக்கம், தங்க ஆள் தேடும் வீடு இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் சேர்த்து வைக்க முடியாதா? முடியும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது கடைசியில்.

ஒட்டிப் பிறந்த மாவட்டங்கள்

பெரம்பலூரும் அரியலூரும் ஒட்டிப் பிறந்தவை. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. (பங்காளிச் சண்டை கூட இவ்வளவு வேகமாக மாறாது!) வெளியூர்க்காரரைக் கேட்டால் பெரம்பலூர் என்றால் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் இடம், அரியலூர் என்றால் சிமெண்ட் ஆலை என்பார்கள். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே இரண்டு பெரிய பாளையங்கள் இருந்தன. அரியலூரில் மழவராயர்கள். உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார்கள். பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஆளுக்கொரு நவாபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தக் கோட்டைப் பக்கம்தான் மோதினார்கள். வாலிகண்டபுரம் போர் என்று அதற்குப் பெயர்.

உடையார்பாளையத்தின் கதை இதைவிடச் சுவாரசியம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் முகலாயப் படை வருகிறது என்ற பயத்தில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்தியை ரகசியமாகக் கொண்டுவந்து ஒளித்து வைத்தது இந்தப் பாளையத்தில்தான். ஆபத்து நீங்கிய பிறகு திருப்பிக் கேட்டால், பாளையக்காரருக்கு விருந்தாளியை அனுப்ப மனசு வரவில்லை! கடைசியில் தோடர்மால் என்ற தளபதி தலையிட்டுத்தான் 1710-ல் பெருமாள் காஞ்சிபுரம் திரும்பினார். பெருமாளே சில பத்து வருஷம் தங்கிவிட்டுப் போன ஊர் இது. இன்றைக்கு ஒரு குடும்பம் ஒரு ராத்திரி தங்க இடமில்லை என்பதுதான் வேடிக்கை.

சாமி மட்டுமல்ல, சங்கீதமும் இங்கே தங்கியிருக்கிறது. கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். உ.வே.சாமிநாதையரின் அப்பா அவரிடம்தான் சங்கீதம் கற்றார். உ.வே.சா. சின்னப் பையனாக அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் படித்ததையும், குன்னத்தில் வாழ்ந்ததையும் 'என் சரித்திரம்' புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். வித்வான்களை வரவழைத்துச் சோறு போட்டுத் தங்க வைப்பது அந்தக் காலத்து அரண்மனைகளின் வேலைகளில் ஒன்று. அதாவது, அந்த வீடுகள் விருந்தாளிகளுக்குப் பழக்கப்பட்ட வீடுகள்.

ஏன் இடிகிறது?

"அரசாங்கம் கவனிக்கவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் அதைவிட எளிமையானது. வருமானம் நின்றுபோனது.

1948-ல் சென்னை மாகாண அரசு ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஜமீன்கள் ரயத்துவாரி முறைக்கு மாறின. விவசாயி வரியை நேராக அரசாங்கத்துக்குக் கட்டினார். நடுவில் நின்று வாங்கியவர் விலகினார். இது நல்ல சட்டம், வந்தே தீர வேண்டிய சட்டம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஊர் ஊராக வரி வாங்கிக் கட்டிய பெரிய வீட்டை, அந்த வரி இல்லாமல் ஒரு குடும்பம் பராமரிக்க முடியாது. அதிலும் தலைமுறைக்குத் தலைமுறை பங்குகள் பெருகிக்கொண்டே போகும். ஓட்டை மாற்றக்கூடப் பத்துப் பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேரில் ஐந்து பேர் சென்னையில், இரண்டு பேர் வெளிநாட்டில்.

பழைய கட்டடத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது சிமெண்ட் கட்டடம் மாதிரி பூட்டிப் போட்டால் சும்மா இருக்காது. சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்காக அடுக்கிய சின்னச் செங்கல் — மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் மாடி. ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியைப் பெருக்கிச் சருகை அள்ளித் தண்ணீர் போகும் தூம்பைத் திறந்துவிட வேண்டும். ஒரு வருஷம் செய்யாவிட்டால் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனை உளுத்துப்போகும். காக்கை எச்சத்தில் விழுந்த ஆலம் விதையோ அரசம் விதையோ விரிசலில் முளைக்கும். அஞ்சு வருஷத்தில் அந்த வேர் சுவரைப் பிளக்கும். குண்டு போட வேண்டியதில்லை, ஒரு துடைப்பம் இல்லாமல் போனால் போதும். அரண்மனை விழுந்துவிடும்.

உடையார்பாளையம் அரண்மனையின் பெரும்பகுதி இன்று இடிபாடாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பழைய வீட்டைக் காப்பாற்ற முதலில் வேண்டியது சிற்பியோ அறிஞரோ இல்லை. தினமும் அங்கே தூங்கி எழுந்து, ஒழுகுகிறது என்று சத்தம் போட ஒரு ஆள். அதுதான் வேண்டும்.

வெள்ளைக்காரன் என்ன செய்தான்?

இங்கிலாந்திலும் இதே பிரச்னை வந்தது. பெரிய எஸ்டேட்டுகள், பெரிய மாளிகைகள், பராமரிக்கப் பணம் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகளை அவர்களே இடித்துத் தள்ளினார்கள்.

1965-ல் ஜான் ஸ்மித் என்பவரும் அவர் மனைவியும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். யோசனை ரொம்பச் சின்னது. மியூசியம் ஆக்க முடியாத, ஆனால் இடிய விடக் கூடாத பழைய கட்டடத்தை எடுத்து, சரி செய்து, விடுமுறைக்கு வாடகைக்கு விடுவது. வாடகைப் பணம் அந்தக் கட்டடங்களின் பராமரிப்புக்குப் போகும். இன்று அவர்களிடம் ஏறக்குறைய 200 கட்டடங்கள் இருக்கின்றன. கோபுரம், காவல்காரன் வீடு, பழைய ஆலை, கோட்டை வாசல் என்று எல்லாம் உண்டு. பெரும்பாலான இடங்களுக்கு இரண்டு நாய் வரை கூட்டிக்கொண்டு போகலாம். நேஷனல் டிரஸ்ட் என்ற இன்னொரு பெரிய அமைப்பும் தன் எஸ்டேட்டுகளில் இருக்கும் பல காட்டேஜ்களில் நாயோடு வருகிறவர்களை வரவேற்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "காட்டேஜ்" என்றதும் நம் ஆட்களுக்கு ஊட்டி தேன்நிலவு விளம்பரம்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆங்கில எஸ்டேட்டில் காட்டேஜ் என்பது பெரும்பாலும் வேலைக்காரர் வீடு. தோட்டக்காரன், வண்டிக்காரன், வேட்டைக் காவலன் குடியிருந்த இரண்டு அறை வீடு. பெரிய மாளிகையை மொத்தமாகத் தூக்கி நிறுத்தக் கோடி கோடியாக வேண்டும். வண்டிக்காரன் வீட்டைச் சரி பண்ண அவ்வளவு வேண்டாம். அதிலிருந்து தொடங்கினார்கள்.

இந்தியாவிலும் உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானில் நீம்ரானா கோட்டை 1464-ல் கட்டப்பட்டது. பாழடைந்து கிடந்ததை 1986-ல் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்து, 1991-ல் விருந்தினருக்குத் திறந்தார்கள். ஒரே நாளில் முழுக் கோட்டையையும் கட்டி முடிக்கவில்லை. சில அறைகளோடு ஆரம்பித்து, வந்த வருமானத்தில் அடுத்த அறைகளைச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் செட்டிநாட்டுக்குப் போனால் கானாடுகாத்தான் பக்கம் பழைய நகரத்தார் வீடுகள் ஹோட்டலாக மாறியிருக்கின்றன. பூட்டிக் கிடந்து கதவும் தூணும் பழைய சாமான் கடைக்குப் போன வீடுகளுக்கு நடுவில், விருந்தாளி வந்ததால் பிழைத்த வீடுகள் அவை.

சரி, நாய் எதற்கு?

"தங்கும் இடம் வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். நாயை ஏன் இழுக்க வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் உணர்ச்சிவசமானது இல்லை, வியாபாரக் கணக்கு.

ஒன்று: நாய் வளர்ப்பவருக்குப் போக்கிடம் குறைவு. நகரத்து ஹோட்டல் பெரும்பாலும் சேர்க்காது. அதனால் சேர்த்துக்கொள்ளும் இடம் எங்கே இருந்தாலும் தேடிப் போவார்கள். கூர்க், கொடைக்கானல் பக்கத்துத் தோட்ட பங்களாக்கள் நாயையும் கூட்டி வரலாம் என்று விளம்பரம் செய்வது இதனால்தான். உடையார்பாளையம் மாதிரி யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராத ஊருக்கு, தேடி வரும் வாடிக்கையாளர்தான் வேண்டும்.

இரண்டு: நாய்க்கு என்ன தேவையோ அது பழைய வீட்டில் ஏற்கனவே இருக்கிறது. சுற்றுச்சுவர், பெரிய வாசல், மர நிழல், கிணறு, கல் பாவிய தரை. கம்பளம் கிடையாது, லிஃப்ட் கிடையாது, பக்கத்து அறைக்காரர் புகாரும் கிடையாது. ஐந்து நட்சத்திர ஹோட்டல் லட்சம் லட்சமாகச் செலவழித்தாலும் செய்து கொடுக்க முடியாத வசதி ஒரு குதிரை லாயத்தில் இருக்கிறது!

மூன்று: நாயோடு வருகிறவர் ஓடி ஓடி ஊர் பார்க்க முடியாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் இருப்பார். பாலும் முட்டையும் கறியும் உள்ளூர்க் கடையில்தான் வாங்குவார். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரியும், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும் அவர் காரில் ஏறும்.

நாயை வீட்டுக்குள் விடுவது நம் பண்பாடு இல்லை என்று ஒரு பேச்சு வரும். நாய்க்குக் கல் நட்டுக் கும்பிட்ட ஊர் இது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று எழுதி, அது கள்ளர்களோடு சண்டை போட்டதையும் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் நாயின் பெயர் கல்வெட்டில்! ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தமிழ்நாட்டு நாய் இனங்களுக்கு இன்றும் பெயர் இருக்கிறது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று.

எதிர்ப்பும் உண்டு

நாய்ப் பிரியர்கள் கோபித்துக்கொள்ளாமல் இதையும் படிக்க வேண்டும்.

நாயோடு வருகிறவருக்கு எல்லா இடமும் திறந்த இடம் இல்லை. கங்கைகொண்ட சோழபுரம் பூஜை நடக்கும் கோயில், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நாய்க்கு அங்கே இடமில்லை, கேட்கவும் கூடாது. ஒருவர் வீட்டில் நாயோடு இருக்க, மற்றவர் போய் வர வேண்டும். அடுத்து முறை மாற வேண்டும். அதற்குத்தான் பக்கத்திலேயே தங்கும் வீடு வேண்டும் என்பது. வெயிலில் காருக்குள் பூட்டிவிட்டுப் போவது நாயைக் கொல்வதற்குச் சமம். சித்திரை வெயிலில் காருக்குள் சூடு சில நிமிஷத்திலேயே ஏறிவிடும்.

கரைவெட்டி ஏரிக்கும் நாயைக் கூட்டிப் போகக் கூடாது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கும் ஏரி அது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவை நிம்மதியாக இரை எடுக்க வேண்டும். ஒரு நாய் கரையில் குரைத்துக்கொண்டு ஓடினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் எந்த நாயையும் உள்ளே விடக் கூடாது. இதில் தாட்சண்யமே வேண்டாம். வாசலுக்கு வெளியே கயிறு இல்லாமல் விடக் கூடாது. ஊரில் ஆடு, கோழி இருக்கிறது. தெருநாய்கள் இருக்கின்றன, அது அவற்றின் தெரு. சண்டை வந்தால் தோற்பது பெரும்பாலும் பட்டணத்து நாய்தான்! நாய்க்குப் பயப்படும் விருந்தாளிக்குத் தனி வீடு, அல்லது நாய் வராத நாட்கள் என்று ஒதுக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. ரஞ்சன்குடிக் கோட்டைக்குள் அறை கட்டி வாடகைக்கு விடலாமே என்று யாராவது கிளம்பினால் நடக்காது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். ஆகவே பேச்சு கோட்டையைப் பற்றி இல்லை. பாதுகாப்புப் பட்டியலில் சேராமல், குடும்பச் சொத்தாகவோ பொதுச் சொத்தாகவோ இருந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் லாயங்கள், கச்சேரிக் கட்டடங்கள், கணக்குப்பிள்ளை வீடுகள், விருந்தினர் பங்களாக்கள் பற்றித்தான். இன்னமும் நிற்கிற சுவர்களைப் பற்றி.

வாசலில் நின்றவர்கள்

இப்போது அந்த நிபந்தனை.

ஜமீன் அரண்மனை என்றதும் சினிமாவில் வரும் மீசையும் ஊஞ்சலும் ஞாபகம் வருகிறது. ஊர் ஜனங்களின் ஞாபகம் வேறு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கிஸ்தி கட்ட வரிசையில் நின்ற ஞாபகம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்ற ஞாபகம். சிலருக்கு அந்த வரிசையில் நிற்கவும் உரிமை இல்லை. சேரியிலிருந்து வந்தவர் தெருமுனையோடு நிற்க வேண்டும். உள் முற்றத்தில் வேட்டை நாய் படுத்திருக்கும். அதற்குப் பால் உண்டு. அந்த நாயைக் கழுவி விட்டவருக்கு உள்ளே இடம் கிடையாது. தமிழ்நாட்டின் பழைய பெரிய வீடுகளின் கதை இப்படித்தான், எந்த ஒரு ஜமீனையும் தனியாகச் சொல்வதற்கில்லை.

இப்போது அதே வீடு "பாரம்பரியத் தங்குமிடம்" ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரிக்குப் பல ஆயிரம் வாடகை. பட்டணத்து நாய் சிவப்புத் தரையில் கால் நீட்டித் தூங்குகிறது. அன்றைக்குத் தெருமுனையில் நின்றவரின் பேரன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் நிற்கிறான். அவன் பிள்ளைகள் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் எதைக் காப்பாற்றினோம்? சுவரையும் காப்பாற்றினோம், வாசலையும் காப்பாற்றினோம். வாசலைக் காப்பாற்றியது தப்பு.

நாய் உள்ளே போகலாம், தாராளமாக. ஆனால் நாய்க்குத் திறந்த கதவு ஊருக்கு முன்னாலேயே திறந்திருக்க வேண்டும். இதுதான் நிபந்தனை. அதற்கு வழி இல்லாமல் இல்லை. லேண்ட்மார்க் டிரஸ்ட் தன் கட்டடங்களில் பலவற்றை வருஷத்தில் சில நாள் வாடகைக்கு விடாமல், யார் வேண்டுமானாலும் இலவசமாக வந்து பார்க்கத் திறந்து வைக்கிறது. இங்கேயும் செய்யலாம். மாதத்தில் ஒரு நாள் ஊர்க்காரருக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமே வேண்டாம். கனம் கிருஷ்ணையர் பாடிய ஊரில் வருஷத்துக்கு ஒரு கச்சேரி, டிக்கெட் இல்லாமல். சமையல், பராமரிப்பு, கொத்து வேலை, ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாம் உள்ளூர் ஆட்களுக்கு, அதுவும் எல்லாத் தெரு ஆட்களுக்கும். சுண்ணாம்பு அரைத்துக் கடுக்காயும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த பழைய கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் நாலு பையன்கள் தொழில் கற்றால் அதுவே ஒரு பாரம்பரியப் பாதுகாப்பு.

இன்னொன்றும் செய்யலாம். தங்க வருகிறவர் கையில் கொடுக்கும் தாளில் ராஜா கதை மட்டும் இருக்கக் கூடாது. கிஸ்தி கட்டியவர் கதையும், வெளியே நின்றவர் கதையும், 1948-ல் என்ன மாறியது என்பதும் இருக்க வேண்டும். வண்டிக்காரன் வீட்டில் படுத்துத் தூங்குகிறவருக்கு அந்த வண்டிக்காரன் யார் என்று தெரிய வேண்டாமா?

முதல் அறை

இதையெல்லாம் படித்துவிட்டு "நடக்கிற காரியமா இது?" என்று சிரிக்கலாம். பெரிதாக ஆரம்பித்தால் நடக்காதுதான். கோடி ரூபாய்த் திட்டம், அமைச்சர் அடிக்கல், அப்புறம் ஆலமரக் கன்று. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் ஒரு லாயத்தையோ ஒரு கணக்குப்பிள்ளை வீட்டையோ சரி செய்வது பெரிய காரியம் இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, சுத்தமான கழிப்பறை, வேலி போட்ட முற்றம், தண்ணீர்த் தொட்டி. தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் வீட்டோடு தங்க வைப்பதற்கான பதிவுத் திட்டம் ஏற்கனவே இருக்கிறது. பங்காளிகள் முழு அரண்மனையையும் பற்றி ஒத்துப்போக வேண்டியதில்லை, ஒரு லாயத்தைப் பற்றி ஒத்துப்போனால் போதும். அங்கே வரும் வாடகையில் அடுத்த ஐப்பசிக்கு முன்னால் பெரிய வீட்டு மாடியைப் பெருக்க ஒரு ஆள் வைக்கலாம். துடைப்பம்தான் முக்கியம் என்று முன்னாலேயே பார்த்தோம் இல்லையா?

காலம் ரொம்ப இல்லை. ஒவ்வொரு மழைக்கும் ஒரு சுவர் சாய்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருச்சுற்றுக் கற்களைப் பெயர்த்து 1836-ல் கொள்ளிடத்தில் அணைக்கரை கட்டினார்கள் என்பது ஊரறிந்த கதை. அன்றைக்குக் கல்லை எடுத்தவன் அந்நியன். இன்றைக்கு உத்திரம் உளுத்து விழுவதற்கு அந்நியன் யாரும் காரணம் இல்லை.

அந்தச் சென்னைக் குடும்பம் திரும்பவும் வரும். சின்னப் பெண் நாயை விட்டுவிட்டு வரமாட்டாள். அப்பா போன் போட்டுக் கேட்பார். "நாயா? வாங்க சார், ஊசி போட்ட சீட்டை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க" என்று உடையார்பாளையத்திலிருந்து ஒரு குரல் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குரல், ஒரு காலத்தில் அந்த வாசலுக்கு வெளியே நின்றவர் வீட்டுப் பெண்ணின் குரலாக இருந்தால் இன்னும் நல்லது.

நடக்குமா நடக்காதா? அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் அப்படி எந்த வீடு சும்மா கிடக்கிறது? அடுத்த மழைக்கு முன்னால் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.